நாய்க்கும் பூனைக்கும் தின்பண்டம்

தென்கடல் முத்துக்குப் பெயர் பெற்றது தூத்துக்குடிக் கரை. பாண்டியர் காலத்தில் கொற்கைத் துறையில் சிறந்திருந்த முத்துக்குளிப்பு, கடல் விலகிக் கொற்கை உள்நாட்டு ஊரானபின் தூத்துக்குடியைச் சார்ந்தது. மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி வாரிய அத்தொழில் 1961 ஆம் ஆண்டோடு இக்கரையில் நின்றுவிட்டது. இன்று இவ்வூரின் பெருமை துறைமுகத்தாலும் உப்பளங்களாலும் மீன்பிடித் தொழிலாலும் விளங்குகின்றது. 1974 ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்ற புதிய துறைமுகம், 2011 முதல் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இத்தகைய ஊரில் முத்தையும் கப்பலையும் விடுத்து, கரையோரத்தில் காத்திருக்கும் இரண்டு சிறிய உயிர்களைப் பற்றி இப்பாடத்தில் காண்போம்.

திரேஸ்புரத்துக் கடற்கரைக்குச் சென்று பாருங்கள். வள்ளங்கள் கரையணைகின்றன. வலையிலிருந்து மீன்கள் கூடைகளில் இறங்குகின்றன. ஏலம் கூறுவோர் குரல் ஒருபுறம் ஒலிக்கின்றது. பனிக்கட்டி உடைக்கும் ஓசை மறுபுறம் கேட்கின்றது. இவ்வாரவாரத்தின் நடுவே, கூடையின் நிழலில் ஒரு பூனை கண்ணை மூடியும் மூடாமலும் அமர்ந்திருக்கின்றது. சற்றுத் தொலைவில் ஒரு நாய் வாலைக் குழைத்து நிற்கின்றது. மீனை அரிபவர் சாளையின் தலையொன்றை எடுத்துப் பூனைக்கு எறிகின்றார். நாய்க்குக் குடலும் செதிலும் கலந்த ஒரு கவளம் கிடைக்கின்றது. கொடுத்தவர் மனமும் நிறைகின்றது. உண்ட உயிரின் வயிறும் நிறைகின்றது. இக்காட்சியைக் கண்டு மகிழாதார் யார்?

ஆயினும் இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. அன்போடு கொடுப்பனவெல்லாம் நன்மை பயப்பனவாகுமா? வாயில்லா உயிர் தனக்கு ஒவ்வாததை ஒவ்வாது என்று சொல்ல அறியாது; கொடுத்ததை நம்பி உண்ணும். எனவே, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுத்தலாகாது என்று அறிந்துகொள்ளும் கடமை கொடுப்பவரையே சாரும்.

முதற்கண், உணவு வேறு, தின்பண்டம் வேறு என்பதை உணர்தல் வேண்டும். உணவு உடலை வளர்ப்பது. நாள்தோறும் வேளை தவறாது அளிக்கத்தக்கது. தின்பண்டமோ, பழக்குவதற்கும், நற்செயலைப் பாராட்டுவதற்கும், அன்பைக் காட்டுவதற்கும் இடையிடையே அளிப்பது. ஒரு நாளில் அவ்வுயிர் பெறும் உணவாற்றலில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் தின்பண்டத்தால் வருதல் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் வகுத்த பொது அளவு. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி வேண்டுமாயின், அதில் 60 மட்டுமே தின்பண்டத்தின் பங்கு. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி போதும். எனவே அதன் தின்பண்டப் பங்கு 20. அளவு மிகுந்தால் உடல் பருக்கும். பருத்த உடலில் நோய் எளிதிற் புகும்.

நாய்க்கென்று தனியே தின்பண்டம் செய்து விற்கும் வழக்கம் தொடங்கிய கதை துறைமுகத்தோடு தொடர்புடையது. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் மாலுமிகளின் வழியுணவாக விளங்கியது கப்பல் ரொட்டி. கோதுமை மாவையும் நீரையும் பிசைந்து, ஈரம் அறவே போகும்படி சுட்டெடுத்த கெட்டியான பிஸ்கோத்து அது. பல திங்கள் வைத்திருந்தாலும் கெடாது. ஏறக்குறைய 1860 ஆம் ஆண்டில் இடிதாங்கி விற்கும் பொருட்டு அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்திற்குச் சென்ற ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர், துறையில் மாலுமிகள் எறிந்த எஞ்சிய ரொட்டிகளை நாய்கள் ஆவலோடு கடித்துத் தின்பதைக் கண்டார் என்பர். அக்காட்சி அவருக்கு ஒரு புதுத்தொழிலைக் காட்டியது. கோதுமை மாவோடு காய்கறியும் இறைச்சியும் சேர்த்து நாய் ரொட்டி செய்து விற்கலானார். இன்று உலகெங்கும் கடைகளில் விற்கப்படும் நாய் பிஸ்கோத்துகளுக்கு அதுவே தொடக்கம் எனலாம். ஒருவர் துறையோரத்தில் நின்று கூர்ந்து நோக்கியதன் பயனைப் பாருங்கள்!

நாயும் பூனையும் ஒரே வீட்டில் வளரினும், இரண்டின் உடலியல்பும் ஒன்றன்று. நாய் ஓநாயின் வழிவந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்து, அவன் உண்டதைத் தானும் உண்டு பழகியது. ஓநாயைவிட நாயின் உடலில் மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணுப் படிகள் மிகுதியாக உள்ளன என்று 2013 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டு வழக்கமும் இதற்குச் சான்று. கோவில்பட்டி வட்டாரத்தில் வளர்க்கப்படும் கன்னி நாயும், விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கிய சிப்பிப்பாறை நாயும், கம்பங்கூழும் சோளக்கூழும் குடித்து வளர்ந்தும் முயலைத் துரத்திப் பிடிக்கும் ஓட்டம் உடையவை. ஆதலால் தானியமும் மீனும் கலந்த பண்டம் நாய்க்கு ஏற்றதாகும்.

பூனையின் இயல்பு வேறு. அது ஊனுண்ணி, ஊனின்றி வாழ இயலாதது. டாரின் என்னும் ஒரு பொருள் பூனையின் கண்ணுக்கும் இதயத்திற்கும் இன்றியமையாதது. அதனைத் தன் உடலிலேயே போதிய அளவு ஆக்கிக்கொள்ளும் திறன் பூனைக்கு இல்லை. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் பெறுதல் வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் பார்வை கெடும் என்பது 1975 ஆம் ஆண்டிலும், இதயத் தசை தளரும் என்பது 1987 ஆம் ஆண்டிலும் ஆய்வுகளால் வெளிப்பட்டன. மேலும், பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அச்சுவையை உணர்வதற்கு வேண்டிய மரபணு அதனிடம் செயலற்றுப் போயிருப்பதை 2005 ஆம் ஆண்டில் அறிஞர்கள் கண்டனர். தூத்துக்குடியில் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் முந்திரிப்பருப்பும் சேர்த்துச் செய்யும் மக்ரூன் நமக்குத் தேனாய் இனிக்கும். பூனைக்கோ அதன் இனிப்பு ஒரு பொருட்டன்று. பூனைக்குப் பால் வார்ப்பதும் நெடுங்கால வழக்கம். ஆனால் குட்டிப் பருவம் கடந்தபின் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். பால் மிகுந்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும்.

இனி, கடற்கரையில் நாம் கண்ட காட்சிக்கு மீண்டும் வருவோம். பூனை மீனுண்ணும் உயிரன்றோ, பச்சை மீன் கொடுத்தால் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். ஒருநாள் ஒரு துண்டு உண்பதனால் பெருந்தீங்கில்லை; நாள்தோறும் அதுவே உணவாவதில்தான் தீங்கு உளது. சாளை, நெத்திலி முதலிய இனத்து மீன்கள் பலவற்றின் பச்சை ஊனிலும் குடலிலும், தயமின் என்னும் உயிர்ச்சத்தைச் சிதைக்கும் ஒரு நொதிப்பொருள் இருக்கின்றது. தயமின் குறைந்த பூனை முதலில் இரை எடுக்க மறுக்கும். பின்னர் தள்ளாடி நடக்கும். தலை மார்பை நோக்கித் தொங்கும். முற்றினால் வலிப்பு வந்து மடியும்.

இவ்வுண்மை உலகிற்குத் தெரிந்த வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில், மென்மயிர்த் தோலுக்காக நரிகளை வளர்த்த பண்ணையொன்றில் 1932 ஆம் ஆண்டில் நரிகள் கால் முடங்கி இறந்தன. காரணம் யாதெனத் தேடியபோது, அவற்றின் உணவிற் சேர்க்கப்பட்ட பச்சை மீனே கேடு விளைத்தது என்பது புலனாயிற்று. மீனை நன்றாக வேகவைத்தால் அந்நொதிப்பொருள் அழிந்துவிடும். அடுப்பில் சில நிமிடம் கொதிக்கும் நீர், ஓர் உயிரைக் காக்கின்றது! வெந்த மீனாயினும் கொழுப்பு மிகுந்த மீனையே நாள்தோறும் கொடுத்தல் நன்றன்று. அதனால் பூனையின் உடற்கொழுப்பு அழன்று மஞ்சள் நிறமாகும் நோய் வருவதுண்டு. ஆகவே மீனும் கோழியிறைச்சியும் மாறிமாறி அளித்தல் வேண்டும்.

நம் உண்கலத்தில் எஞ்சிய மீன்குழம்பும் சோறும் நாய்க்கும் பூனைக்கும் இடுவது இயல்பாகிவிட்டது. அக்குழம்பில் என்னென்ன உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச் சோகையை உண்டாக்கும். பூனைக்கு அத்தீங்கு இன்னும் மிகுதி. வேகவைப்பதனால் அந்நச்சுத்தன்மை நீங்குவதில்லை. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதிலுள்ள டார்டாரிக அமிலமே காரணம் ஆகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். அவ்வமிலம் மிகுதியாக உள்ள புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகக் கேடு நேர்ந்ததை 2022 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுரையொன்று எடுத்துரைத்தது. புளியும் வெங்காயமும் உப்பும் மிளகாயும் கூடியதே நமது குழம்பு. நம் நாவிற்கு அமுதானது மற்றோர் உயிருக்கு நஞ்சாதல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கருவாடும் அவ்வாறே. மீன் கெடாதிருக்க அதில் ஏற்றப்படும் உப்பு, சிறிய உயிரின் உடலுக்குத் தாங்கொணாச் சுமையாகும். சாக்கலேட்டு நாய்க்கு நஞ்சு. சர்க்கரைக்கு மாற்றாகச் சில மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தும். வெந்த கோழியெலும்பு கூர்கூராகப் பிளந்து குடலைக் குத்தும். கடற்கரையில் வாழ்வோர் மேலும் இரண்டினைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஒன்று, இரை கோத்த தூண்டில் முள். மீன்மணம் வீசும் அதனை நாய் விழுங்கினால் அறுவை மருத்துவமே வேண்டியதாகும். மற்றொன்று, வலையில் வேண்டாததாய் அகப்பட்டுக் கரையில் எறியப்படும் பேத்தை மீன். அதன் நஞ்சு வேகவைத்தாலும் நீங்காது. தசைகளைச் செயலறச் செய்து மூச்சை நிறுத்திவிடும். இவ்விரண்டையும் கரையில் எறியாமல் குழிதோண்டிப் புதைப்பது நலம்.

தீயவற்றை விலக்கினோம், இனி நல்லவற்றைச் செய்யும் முறையைக் காண்போம்.

முதலில் நாய்க்குரிய மீன் வில்லை. கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 100 கிராம், வேகவைத்து முள் நீக்கிய மீன் 100 கிராம், முட்டை 1 ஆகியவை போதும். உப்பு, சர்க்கரை, மசாலைப் பொருள் எதுவும் வேண்டா. பாறை, சூரை, சாளை ஆகியவற்றுள் அன்றாடம் மலிவாகக் கிடைக்கும் புதிய மீன் எதுவாயினும் ஏற்றதே. மீனை நீரில் வேகவைத்து ஆறியபின், விரலால் நன்கு பிசைந்து முள் ஒவ்வொன்றையும் தேடி நீக்குக. இவ்வேலையில் பொறுமை வேண்டும். ஒரு முள் தப்பினும் நாயின் தொண்டையில் தைக்கும். பின்பு எல்லாவற்றையும் கலந்து சப்பாத்தி மாவின் பதத்திற்குப் பிசைக. தளர்ந்திருப்பின் சிறிது மாவு சேர்க்கலாம். அரை விரல் கனத்திற்குப் பரப்பிச் சிறு சதுரங்களாக வெட்டுக. தோசைக்கல்லை இளந்தீயில் வைத்து, அவற்றை இருபுறமும் புரட்டிப் புரட்டி உள்ளீரம் வற்றும்வரை சுடுக. தீ மிகுந்தால் புறம் கருகி உள்ளே மாவு பச்சையாக நிற்கும். பச்சை மாவு வயிற்றில் உப்பித் துன்பம் தருமாதலால் அகம் வேகுமாறு பார்த்தல் இன்றியமையாதது.

இவ்வளவு பொருளைக் கொண்டு ஏறத்தாழ 60 வில்லைகள் செய்யலாம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 14 கிலோகலோரி ஆற்றல் உண்டு. ஆகவே, 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒருநாளில் 4 வில்லைகளே அளவு. ஒரே வேளையில் நான்கையும் இடுவதினும், அமர் என்றவுடன் அமர்ந்ததற்கு ஒன்று, அழைத்தவுடன் வந்ததற்கு ஒன்று எனப் பகுத்துக் கொடுத்தால், தின்பண்டமே பாடமாகவும் அமையும்.

அடுத்துப் பூனைக்குரிய நெத்திலி. புதிய நெத்திலி 250 கிராம் எடுத்து, தலையும் குடலும் நீக்கிக் கழுவுக. மூழ்குமளவு மட்டும் நீர் விட்டு, உப்பிடாமல் 10 நிமிடம் கொதிக்க வைத்து வடிக்க. பின்னர்த் தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் பரப்பி, ஈரம் வற்றி மொறுமொறுப்பாகும்வரை வாட்டுக. இதுவே உப்பில்லாக் கருவாடு எனலாம். குட்டியாயின் விரலால் நொறுக்கித் தருக. வடித்த நீரைக் கொட்டிவிடல் ஆகாது. டாரின் நீரில் கரையும் இயல்பினது. அதில் ஒரு பகுதி அந்நீரில் இறங்கியிருக்கும். ஆறியபின் சிறிதளவு அதனையும் பூனைக்கு வைக்கலாம். மட்டியிலும் கணவாயிலும் டாரின் மிகுதி; அவற்றையும் நன்கு வேகவைத்துச் சிறு துண்டுகளாக எப்போதேனும் கொடுக்கலாம். பூனையின் தின்பண்டப் பங்கு வெந்த மீனாயின் 20 கிராம் அளவில் நிற்றல் வேண்டும். வாட்டிய நெத்திலியில் நீர் குறைந்திருத்தலால் 5 அல்லது 6 கிராம் போதும்.

இவ்விரு பண்டங்களையும் ஆறவைத்து, மூடியுள்ள கலத்திலிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் பயன்படுத்தலாம். நாற்றம் மாறினாலும் பூசணம் தோன்றினாலும் தயங்காது எறிந்துவிடுக. நாம் உண்ணத் துணியாத கெட்ட மீனை உயிர்களுக்கு இடுதல் அறமன்று. எந்தப் புதிய பண்டத்தையும் முதல்நாள் ஒரு துணுக்கு மட்டும் கொடுத்து, மறுநாள்வரை வாந்தியோ வயிற்றுப்போக்கோ அரிப்போ உண்டாகின்றதா என்று பார்த்தல் வேண்டும். நோயுற்ற உயிர்க்கும் சினையுற்ற உயிர்க்கும் கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். தின்பண்டம் முழு உணவுக்கு ஈடாகாது என்பதையும் மறத்தலாகாது.

தெருவில் திரியும் நாயைக் கண்டால் அதன் வாயருகே கை நீட்டாதீர்கள். சற்றுத் தள்ளி இலையிலோ தரையிலோ வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், உண்ணும்போது தொடாதீர்கள். கடித்தாலும் கீறினாலும் உடனே காயத்தைச் சோப்பும் ஓடும் நீருமாக 15 நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்க. வெறிநோய் வந்தபின் காப்பது அரிது. தடுப்பூசியால் வராமல் தடுப்பது எளிது. வீட்டில் வளரும் நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் உரிய தடுப்பூசி போடுவித்தல், நல்லுணவு அளிப்பதற்கு ஒப்பான கடமையாகும்.

உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல், 1976 ஆம் ஆண்டில் நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகவும் விளங்குகின்றது. இரக்கம் நெஞ்சில் எழுந்தால் மட்டும் போதாது; அது கையில் செயலாதல் வேண்டும். அச்செயலும் அறிவின் வழியே நடத்தல் வேண்டும். பச்சைத் தலையை எறிந்தவரிடம் அன்பு இல்லாமல் இல்லை. அதனை வேகவைக்க வேண்டும் என்னும் அறிவு ஒன்றே சேர வேண்டியிருந்தது.

முற்காலத்தில் இக்கரையில் முத்துக்குளித்தவர், தம் இடையில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகில் நின்றவர் கையில் ஒப்படைத்து ஆழத்தில் மூழ்கினர். கயிற்றைப் பிடித்தவர் அன்புடையவராய் இருந்தால் மட்டும் போதவில்லை. எப்போது இழுக்க வேண்டும் என்று அறிந்தவராயும் இருக்க வேண்டியிருந்தது. நம் வீட்டு நாயும் பூனையும் அவ்வாறே தம் உயிரை நம் கையில் ஒப்படைத்துள்ளன. அவற்றின் முன் நாம் வைக்கும் ஒரு சிறு வில்லையிலும் அன்பும் அறிவும் ஒருங்கே கலந்திருப்பதாக!